பிரேம் வந்துருச்சு

ஜனவரி 6, செவ்வாய்

பனி. புல்லெல்லாம் வெள்ளை. பைப்புல தண்ணி ஒறஞ்சு கெடந்துச்சு, வெயில் ஏறுன பிறகுதான் சொட்டுச்சு. வேலைக்கு லேட்டு. சூப்பர்வைசர் முறைச்சான். முறைக்கட்டும்.

மத்தியானம், காலையில பேர் குடுக்குற பிரட்டுக்களத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டு வீட்டு பிளான் காட்டினாங்க. மழையில இடிஞ்ச எஸ்டேட்டு லயத்து வரிசை வீட்டுக்குப் பதிலா மேட்டுல கட்டுற வீடு. கோயமுத்தூர்லேருந்து ஒரு இஞ்சினியர் பொண்ணு. பேரு கவிதா. பெரிய பூட்ஸ், சின்ன மூஞ்சி.

"கல்லு, செங்கல் கெடையாதுங்க. மெல்லிசு இரும்புச் சட்டம். பேக்டரியிலயே அளவா வெட்டி, ஒயர் போற ஓட்டையும் போட்டு, ஒவ்வொரு செவுரா முடுக்கிக் கொண்டாந்துருவோம். இங்க நிறுத்தி போல்ட் போட்டு, மேல சிமெண்ட் போர்டு அடிக்கறதுதான் வேலைங்க."

எங்க லயத்து பவளம் அக்கா சும்மா இருக்குமா. "அப்ப எங்கள மிச்சர் டின்னுக்குள்ள குடி வைக்கிற. மழை பேஞ்சா டப்பா அடிக்கிற சத்தத்துல புருசன் ஏசுறதுகூட கேக்காது. நல்லதுதான்."

எல்லாரும் சிரிப்பு. கவிதாவும் சிரிச்சுச்சு. "டின்னு லேசா இருக்குதுல்லீங்க, அதனாலதானுங்க இந்தச் சரிவுல வைக்கிறோம். செவுரு கனமா இருந்தா மண்ணு தாங்காது."

நான் சிரிக்கல. படத்துல ஒன்னே ஒன்னுதான் தேடினேன். மெயின் சுவிட்சு எங்க?

அடுப்படியில. பின் செவுத்துல. அதே எடத்துல.

கேட்டேன். "ஒயரெல்லாம் அந்தச் செவுத்துலதான் வருதுங்க அக்கா"ன்னுச்சு. வாயில வந்தத ஏசிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். என்னா ஏசினேன்னே ஞாபகம் இல்ல. ஏன் ஏசினேன்னு அதுகிட்ட சொல்லவும் இல்ல.

இங்க எழுதுறேன். லயம் இடிஞ்ச அன்னைக்கு, மழையில மண்ணு இறங்குற சத்தம் கேட்டு லயத்துல எல்லாரும் வெளிய ஓடி வந்துட்டோம். என் வீட்டுக்காரரும் வந்துட்டாரு. வாசல்ல என் பக்கத்துல நின்னாரு. "இரு, மெயின ஆப் பண்ணிட்டு வந்துர்றேன், யாருக்காச்சும் ஷாக் அடிச்சிரும்"னு உள்ள போனாரு. வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் போகணும். போனாரு. பின் செவுரு அவர் மேலயே விழுந்துச்சு.

கரண்டு அதுக்கு முன்னாடியே போயிருந்துச்சு. லயம் பூரா இருட்டு. அதக்கூட பாக்கல அந்த மனுசன்.


ஜனவரி 8, வியாழன்

வெயில். துணி காஞ்சுச்சு.

கூடலூர்லேருந்து சரசு அண்ணி வந்திருக்கு. அவரோட கூடப்பொறந்த அக்கா. நேந்திரம் சிப்ஸ் ஒரு கவர், அழுகை ஒரு மூட்டை. வீடு போனவங்க தங்கியிருக்கிற, எஸ்டேட்டு கைப்பிள்ளைகள பாத்துக்கிற பிள்ளைக் காம்பராவுல, சுவத்துல ஆனா ஆவன்னா எழுதியிருக்கிற எடத்துல, பாய் போட்டுக் குடுத்தேன்.

வந்ததுலேருந்து ஒரே பேச்சு. தம்பி தங்கராசு போட்டோவ பெருசு பண்ணி பிரேம் போடணும். மாலை போடணும். புது வீட்டுல முதல்ல அதத்தான் மாட்டணும்.

"வேணாம் அண்ணி."

"என்னாடி வேணாம்? ஊருக்காக உசுர குடுத்தவன்."

ஊருக்காக. எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எஸ்டேட்டு துரை வந்து சொன்னாரு, கோயில்ல மைக்குல சொன்னாங்க. வாசல்ல நின்ன பொண்டாட்டிய விட்டுட்டு சுவிட்ச அமத்தப் போனதுக்கு ஊரு கை தட்டுது. அவர் மூஞ்சிய நான் தெனம் பாக்கணுமாம். பாத்தா சண்டதான் போடுவேன். போட்டோ பதில் பேசாது. எனக்குத்தான் நெஞ்சு வெடிக்கும்.

இதெல்லாம் அண்ணிகிட்ட சொல்லல. சிப்ஸ் தின்னேன்.

வாங்க வேண்டியது: சோப்பு, கடுகு, கொழுந்து எடுக்குறப்ப இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் படங்கு (கிழிஞ்சிருச்சு), தலைவலி மாத்திரை.


ஜனவரி 12, திங்கள்

மேகம். மழை இல்ல.

இன்னைக்கு மானம் போச்சு.

கொழுந்து நிறுக்குற எடத்துல நிக்கிறேன், எல்லாரும் இருக்காங்க. ரோட்டுலேருந்து செல்வம் கத்துறான். வீடு கட்ட வந்த பிட்டர் அவன். "ஏனுங்க்கா! ராணி அக்கா! உங்க பிரேம் வந்துருச்சுங்க! நாளைக்கு மாட்டிப் போடலாமுங்க!"

எனக்கு கண்ணு மங்கிருச்சு. அண்ணி வேலைதான்னு நெனச்சேன். நான் வேணாம்னு சொல்லச் சொல்ல கோத்தகிரியில குடுத்து பிரேம் போட்டு, அதையும் இவன் கையில குடுத்து ஊரே கேக்க கத்த வச்சிருச்சுன்னு. கூடைய போட்டுட்டு காம்பராவுக்கு ஓடினேன். அண்ணி அரிசி பொறுக்கிட்டு இருந்துச்சு.

"யாரக் கேட்டு போட்டீங்க? உங்க தம்பி, உங்க ஊட்டுல மாட்டிக்கங்க! என் ஊட்டுல ஒரு ஆணி அடிக்க விட மாட்டேன்!"

அண்ணி வாயத் தொறந்தபடி பாக்குது. "எந்த பிரேமுடி?"

கைய புடிச்சு இழுத்துட்டுப் போனேன். மேட்டுல லாரி. லாரி நெறைய இரும்புச் சட்டம், ஏணி ஏணியா. ஒரு ஏணியில சாக்பீசுல "ராணி - முன் செவுரு"னு எழுதியிருக்கு. இதுக்குப் பேரும் பிரேமாம்.

செல்வம் பயந்துட்டான். "நான் என்ன தப்பா சொல்லிப்போட்டனுங்க?"

பவளம் அக்கா பின்னாடியே வந்து, விசயம் தெரிஞ்சு, வயித்த புடிச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. "தங்கராசு இவ்வளவு நீட்டு எப்படி ஆனான்?" அண்ணிக்கும் சிரிப்பு வந்துருச்சு, அழுகையோட. எனக்கு மட்டும் வரல.

கவிதா சிரிக்கல. தனியா கூப்பிட்டு, "எந்த பிரேம்னு நெனச்சீங்க அக்கா?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். போட்டோ, மெயின், வாசல், அடுப்படி, எல்லாம். கத்தித்தான் சொன்னேன். அது கண்ணு நெறஞ்சிருச்சு. அதப் பாத்து எனக்கு இன்னும் கோவம். "நீ ஏன் அழுவுற? மெயின வாசலுக்கு மாத்திக் குடு. கையெட்டுற எடத்துல. எவனும் உள்ள போகக் கூடாது."


ஜனவரி 13, செவ்வாய்

முடியாதாம்.

கவிதா முன் செவுத்த படுக்க வச்சு காட்டுச்சு. கதவுக்குப் பக்கத்துல ரெண்டு இரும்புப் பட்டை பெருக்கல் குறி மாதிரி குறுக்க போகுது. காத்து அடிச்சா வீடு சாயாம இழுத்துப் புடிக்கிறது அதானாம். பெட்டிய அங்க பதிக்கணும்னா பட்டைய வெட்டணும்.

"அத வெட்டுனா வீடு நிக்காதுங்க அக்கா. நான் பண்ண மாட்டேனுங்க."

"அப்ப என் புருசன் மாதிரி இன்னொருத்தன் போகட்டும்."

சொல்லிட்டு திரும்பிப் பாக்காம வந்துட்டேன். அதையும் குத்தம் சொல்ல முடியல. அதான் ரொம்ப எரியுது.

அண்ணி ஊருக்குப் போச்சு. போகும்போது, "ஒரு சுவிட்சுக்காக வீட்ட வேணாம்னுறாதடி."

வேணாம்னு நான் எங்க சொன்னேன்.


ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நமக்கு இந்த வருசம் இல்ல. பவளம் அக்கா தூக்குல வச்சுட்டுப் போச்சு. திங்கக் கூடாதுன்னு இருந்தேன். பசிச்சுச்சு, தின்னேன். முந்திரிப்பருப்பு ஒன்னே ஒன்னு கெடந்துச்சு. அவரா இருந்தா என் தட்டுல போட்டிருப்பாரு.

இதுக்கும் கோவம்தான் வருது.


ஜனவரி 19, திங்கள்

தூறல்.

கவிதா வந்துச்சு. காம்பராவுக்கே வந்துச்சு, பூட்ஸ வெளிய கழட்டிட்டு. புது படம்.

"குறுக்குப் பட்டைய இந்தப் பக்கத்துச் செவுத்துக்கு மாத்திட்டேனுங்க. அந்தச் செவுத்துச் சட்டத்த கொஞ்சம் தடிமனாப் போட்டு, காத்துக் கணக்கு முழுசா மறுபடி போட்டுப் பாத்தேன். தாங்குதுங்க. பெட்டி கதவு ஓரத்துல வரும். வெளிய நின்னுட்டே கைய நீட்டலாம்."

"மத்தவங்க வீட்டுக்கு?"

"எல்லார்த்துக்கும் இப்படியே பண்ணச் சொல்லி பேக்டரியில கேட்டிருக்கேனுங்க. மத்த வீட்டுக்கு இன்னும் வெட்டல, அதனால சுலபம். உங்க ரெண்டு செவுருதான் திரும்பி கோயமுத்தூர் போகணும். உங்க ஊடு கடைசியாத்தான் முடியும். பரவால்லீங்களா?"

பரவால்லன்னு சொன்னேன். ஏசுறதுக்கு வார்த்த தேடினேன், கெடைக்கல. பால் இல்லாத கட்டஞ்சாயா குடுத்தேன். இனிப்பு கூடிப்போச்சு. குடிச்சுச்சு.


பிப்ரவரி 6, வெள்ளி

பனி விட்டுருச்சு. வெயில் சுள்ளுன்னு.

நம்ம வீடு எலும்புக்கூடா நிக்குது. உள்ள நின்னா எல்லாச் செவுரு வழியாவும் தேயிலை தெரியுது. சாக்பீசுல என் பேரு மறுபடி. கதவு ஓரத்துல பெட்டி. வெளிய நின்னு கைய நீட்டிப் பாத்தேன். எட்டுது. உள்ள நீட்டுன கைய எடுக்காம கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். செல்வம் வேற பக்கம் பாத்து ஸ்குரூ தேடுற மாதிரி தேடினான்.

அப்புறம் கேட்டான். "அக்கா, நாளைக்கு போர்டு அடிச்சு மூடிருவோமுங்க. போர்டுல வெறும் ஆணி நிக்காது. கனமா எதாச்சும் மாட்டறதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, அந்த எடத்துல உள்ளாற ஒரு தகடு வச்சு முடுக்கறேன். டிவி, ஷெல்பு, எதுனாலும்."

"ஒன்னும் இல்ல"ன்னேன்.

ரோடு வரைக்கும் இறங்கிட்டேன். மறுபடி ஏறினேன். மூச்சு வாங்குது.

"பெட்டிக்கு மேல ஒன்னு வை."

"எவ்வளவு கனமுங்க?"

"கண்ணாடி போட்டது. மாலையும் இருக்கும்."

அவன் தலைய ஆட்டிட்டு தகடு எடுத்தான். நின்னு பாத்தேன். நல்லா முடுக்குன்னேன். முடுக்கினான். இன்னும்னேன்.

சாயங்காலம் அண்ணிக்கு போன். பிரேம் போடச் சொன்னேன்.

"எந்த பிரேமுடி?"ன்னு கேக்குது.

"உங்க தம்பிதான். வாசல்லயே நிக்கட்டும். அவர் ஒன்னும் உள்ள போக வேண்டியதில்ல."