முன்னால் ஓடிய கோடு

மச்சாள்,

இன்று காலை மாங்காய் அச்சாறு போட வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும் மாங்காயை அப்படியே விட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆசுப்பத்திரி ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க நம் கையிலும் சட்டையிலும் இந்த நெடிதானே. நீ மௌத்தாகி, அடக்கமும் முடிந்த செய்தி வந்து ஒரு கிழமை ஆகிறது. அழுகை வரவில்லையே என்று என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது. கடைசியில் வினாகிரிக்குத்தான் வந்தது.

நாம் பார்த்த வேலையை இன்று யாருக்காவது விளக்கினால் அவர்களுக்குக் கொட்டாவி வருகிறது. ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கிற ஹீமோகுளோபின் என்ற புரதம் எல்லா மனிதருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நனைத்த நாடாவில் ஒரு துளி வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அதன் வகைகள் வேறு வேறு வேகத்தில் ஓடிப் பிரியும். சாயமேற்றி, அந்தப் புளித்த அமிலத்தில் கழுவி எடுத்தால் வெள்ளை நாடாவில் சிவப்புக் கோடுகள் தெரியும். முன்னால் ஓடுவது ஏ. வளர்ந்தவர்களின் உடம்பு முழுக்க அதுதான். அதற்குப் பின்னால் எஃப், தாயின் வயிற்றில் இருக்கும்போது ஓடுகிற வகை. கடைசியில் மெல்லியதாக ஏ-டூ. உனக்கு இதை எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். எழுதினால் உன் பக்கத்தில் நின்று வேலை செய்வது போல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பேராசிரியர் குழாய்களை அனுப்பிக்கொண்டிருந்தார். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் என்று ஒவ்வொரு குழாயிலும் இனத்துக்கு ஓர் எழுத்து. எந்தச் சனத்தில் எந்தக் கோடு எவ்வளவு வருகிறது என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கணக்கில் நீ முஸ்லிம், நான் தமிழ்; உறவில்லாமலே மச்சாள் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். நீ வேலையைத் தொடங்குமுன் அந்த எழுத்துகளின் மேல் பிளாஸ்டர் ஒட்டுவாய். "இனம் தெரிஞ்சா கண்ணு கூட்டிக் குறைச்சுப் பாக்கும்கா" என்பாய். வாசித்து முடித்த பிறகுதான் உரிப்போம். வித்தியாசம் இல்லாமல் இல்லை. சில கோடுகள் ஒரு சனத்தில் கூட, இன்னொன்றில் குறைய. ஆனால் ஒரு சனத்துக்கு மட்டும் சொந்தமான கோடு ஒன்றையும் நாம் காணவில்லை.

நம் ஊர் வாவிக்கரையில் ஏ-டூ கோடு தடித்தவர்கள் இருப்பதற்கு அந்தக்காலத்து மலேரியா காரணமாக இருக்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். அப்படிப்பட்டவர்கள் காய்ச்சலைக் கொஞ்சம் தாங்கிப் பிழைத்தார்களாம். "காய்ச்சல் ஒருத்தரிட்டயும் பேர் கேக்கல்ல" என்று நீ சிரித்தாய்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு தடவையும் நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். வழக்கமாக என்னுடையதுதான். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் நீ உன் விரலைக் குத்தினாய். நாடாவைக் கழுவி யன்னலடியில் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாய். கடைசிக் கோடு தடித்திருந்தது. "நான் சும்மா ஆளில்ல போல மச்சாள்" என்றாய், குரல் மட்டும் சரியாக இல்லை. உனக்கு அதனால் ஒரு நோயும் இல்லை. ஆனால் உன் கணவருக்கும் அதே கோடு இருந்தால்? தாய் தகப்பன் இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்கு நோயாக இறங்கலாம். வீட்டில் உன் மகள் றினோசா வெளிறிப்போய், வயிறு வீங்கிக் கிடந்தாள். பூச்சி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கிழமை கணவரின் ரத்தத்தைக் கொண்டுவந்தாய். அதுவும் தடித்திருந்தது. பிள்ளைக்குத் தலசீமியா, உடம்பில் நல்ல ரத்தம் ஊறாத நோய். மாதாமாதம் ஆரோ ஒருவரின் ரத்தம் ஏற்றினால்தான் உயிர் தங்கும்.

உன் உம்மா ஆய்வுகூடத்துக்கே வந்து என்னிடம் கேட்டா. "குடி பாத்துத்தானே முடிச்சு வெச்ச. இவ எங்கட குடி, அவன் மாமிட குடி. ரெத்தம் எப்படி ஒண்டாகும் புள்ள?"

உங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் குடி என்கிற வம்சம் தாய்வழிதான். ஒரே குடிக்குள் கட்டினால் கூடப்பிறந்தவரைக் கட்டிய மாதிரி. உன் கணவர் வாப்பாவின் தங்கை மகன், வேறு குடி, அதனால் ரத்தம் வேறு, உரித்துள்ள மாப்பிள்ளை. எங்கள் கொக்கட்டிச்சோலையிலும் இதே கணக்கில்தான் கலியாணம் நடக்கிறது. குடி தாயைப் பார்த்துப் போகும். ரத்தம் இரண்டு பக்கமும் போகும். உன் வாப்பாவும் மாமியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அந்தக் கணக்கில் ஒருவரும் சேர்க்கவில்லை. உன் உம்மாவின் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போனேன்.

றினோசாவின் முதல் நாடாவில் ஏ கோடே இல்லை. முன்னால் வெறுமை, பிறகு எஃப் மட்டும் கொழுத்துப்போய். என் ரத்த வகையும் அவளுடையதும் ஒன்று. முடிந்தபோதெல்லாம் நான் கொடுத்தேன், முடியாத மாதங்களில் ஆசுப்பத்திரி ஆட்கள் யாராவது கொடுத்தார்கள். ரத்தம் ஏற்றிய பிள்ளைக்கு இந்தச் சோதனை செய்யக்கூடாது, கொடுத்தவரின் புரதம்தான் தெரியும் என்பது உனக்குத் தெரியாததா? தெரிந்தும் செய்தாய். நாடாவின் முன்னால் சிவப்பாக ஒரு கோடு. "இது உன்ட கோடுகா. என்ட புள்ளைட உடம்புல முன்னால ஓடுது பாரு."

பிறகு அந்தத் தொண்ணூறாம் வருடம் வந்தது. சண்டை மூண்டு உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும் பிரிந்தார்கள். பள்ளிவாசலில் செத்தார்கள், வீட்டில் செத்தார்கள், வயல்வட்டைக்கு வெள்ளாமை பார்க்கப் போனவர்கள் திரும்பவில்லை. என் தம்பியும் அப்படித்தான் போனான். உன் ஊருக்குப் போகிற ஏறாவூர் றோட்டு மூடப்பட்டது. நீ வேலைக்கு வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. அவளுக்கு ஏற்ற வேண்டிய மாதம் தாண்டி அடுத்ததும் தாண்டிக்கொண்டிருந்தது.

பெரிய டொக்டரிடம் கெஞ்சி, ஒரு பை ரத்தம் கொடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அம்புலன்சில் ஏறாவூருக்கு அனுப்பினேன். தம்பியின் முப்பத்தோராம் நாள் சடங்கு கழியுமுன் நான் கையை நீட்டியதற்காக அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்கட புள்ளைக்கா?" என்று மட்டும் கேட்டா.

பின்னேரம் அம்புலன்ஸ் திரும்பி வந்தது, பெட்டியோடு. வழியில் துவக்கோடு மறித்தவர்கள் எங்கள் இயக்கப் பொடியன்கள்தான். சாரதி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஏறாவூருக்கா எண்டு கேட்டாங்க தங்கச்சி. ஓம் எண்டன். பெட்டியத் திறந்து றோட்டில வெச்சிட்டு, ஆரிட ரெத்தம் எண்டு கேட்டாங்க. தமிழ்ப் பிள்ளைட எண்டன். அதுக்குப் பிறகுதான் அவங்களுக்குக் கோவம் கூடின."

பையைத் தொட்டேன். வெயிலில் கிடந்து வெதுவெதுப்பாக இருந்தது. இனி ஆருக்கும் ஏற்ற முடியாது. நானே கொண்டுபோய்க் கொட்டினேன்.

றினோசா போன செய்தி எனக்கு வெகு பிந்தித்தான் வந்தது. றோட்டுத் திறந்து நீ வேலைக்குத் திரும்பிய நாளில் உன் முகத்தைப் பார்க்கப் பயந்து நுணுக்குக்காட்டியின் கண்ணாடிக்குள் குனிந்திருந்தேன். நீ வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாய். தம்பியை விசாரித்தாய். பிறகு, வேலை விசயம் பேசுகிற குரலில் கேட்டாய்.

"ஏத்தின ரெத்தம் எவ்வளவு காலம் மச்சாள் உடம்புல நிக்கும்?"

"நாலு மாசம் மட்டில கொஞ்சங் கொஞ்சமாக் குறையும்."

"அப்ப மௌத்தாகக்குள்ள உன்ட ரெத்தம் கொஞ்சம் இருந்திரிக்கும்."

"ஓம் மச்சாள். இருந்திருக்கும்."

நீ தலையாட்டினாய். "அப்ப உன்னையும் சேத்துத்தான் அடக்கிரிக்கம்" என்றாய். "எங்கட மையவாடியில உனக்கும் ஒரு பங்கு இரிக்கிகா."

அதற்குப் பிறகு நாம் ஓய்வு பெறும்வரை பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தோம். அந்தப் பேச்சை ஒருநாளும் மறுபடி எடுக்கவில்லை. பேராசிரியரின் குழாய்களும் பிறகு வரவில்லை.

உன்னை றினோசாவுக்குப் பக்கத்திலேயே அடக்கியதாக உன் கணவர் தொலைபேசியில் சொன்னார். பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை; நான் அந்த மையவாடிக்குள் ஒருநாளும் போனதில்லை, இனியும் போகமாட்டேன். போன கிழமை என் மகன் என்னிடம், எனக்கு ஒன்று ஆனால் எங்கே அடக்க வேண்டும் என்று கேட்டான். உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பங்கு ஏற்கெனவே ஏறாவூரில் இருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்ல, மச்சாள்?