நான்காவதாக நிற்கும் பெண்

மார்ச் 13, 2012, செவ்வாய்

காலையிலிருந்து பாடப் புத்தகம் பிரித்துக் கட்டும் வேலை. நடுநிலைப் பள்ளிக்கு மட்டும் நூற்றெண்பது பிள்ளைகள். முதுகு விண்டுபோகிறது. ஆனால் இன்று அதைப் பற்றியா எழுதப்போகிறேன்?

புதிய வரலாற்றுப் பாடநூல், பக்கம் 231. ஒரு கடை வாசலில் நீண்ட வரிசை, எல்லார் கையிலும் மூட்டை. கீழே, ‘போருக்குப் பின் உணவுப் பஞ்சம். அரிசிக்காகக் காத்து நிற்கும் மக்கள்.’

அரிசியாம்! அது எங்கள் புத்தகக் கடை! இடது பக்கக் கல்படியின் ஓரம் உடைந்திருக்கிறது. நாற்பது வருடமாக நான் தடுக்கி விழும் கல் எனக்குத் தெரியாதா?

என் கணவர் சூஜி சிரித்தார். “கல்லைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிச்ச ஒரே ஆளு நீதான்டி.” பிறகு புத்தகத்தோடு வாசலுக்குப் போனார். திரும்பி வரும்போது சிரிப்பைக் காணோம். “அதே கல்லுதான்.”

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து முப்பது வருடத்தில் இன்றுதான் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 14

தாத்தா இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். உலகப் போரில் தோற்றதும், பழைய வரலாற்றுப் புத்தகத்தில் போரைப் புகழ்ந்த வரிகளைப் பிள்ளைகளையே மையால் அழிக்கச் சொன்னார்கள். மறுவருடம், 1946 இலையுதிர்காலத்தில், புதிய வரலாற்று நூல் வந்தது. ஆனால் தாளுக்குப் பஞ்சம். ‘பழைய தாள் கொண்டுவருவோருக்கே புத்தகம்’ என்று தாத்தா பலகை எழுதி மாட்டினார். வரிசை பாலம் வரை போனதாம். அது அரிசி மூட்டை இல்லை, தாள் மூட்டை! சோற்றுக்கில்லாத காலத்தில் எங்கள் ஊர் வரலாறு படிக்க வரிசையில் நின்றிருக்கிறது. அதைப் போய் வரலாற்றுப் புத்தகமே அரிசி என்கிறதே!

பதிப்பகத்துக்குத் தொலைபேசினேன். செகாவா என்றொரு இளைஞர், ரொம்பப் பணிவு. “நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்மா. ஆனா கல்லு சாட்சி சொல்லாதே. படத்துல இருக்கிறவங்க யாராவது எழுதிக் குடுத்து, ஆகஸ்டுக்குள்ள வந்துட்டா, அடுத்த வருஷ அச்சுல திருத்திடலாம்.”

மார்ச் 15

அறுபத்தாறு வருடம். யாராவது உயிரோடு இருக்க வேண்டுமே, கடவுளே.

மார்ச் 18

இருக்கிறார்! சூஜி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கூவினார். “நாலாவதா ரெட்டைப் பின்னல் போட்ட பொண்ணு. அந்த மூக்கைப் பாரு. ஹனாஓகா வீட்டு மூக்கு!”

ஆற்றோரம் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் ஹனாஓகா வீட்டுத் தோமி அம்மா. வயது எண்பது. எங்கள் கடைக்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. தெருவில் வந்தால்கூட எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பார். ஏனென்று நான் யோசித்ததே இல்லை. அவரவர் சுபாவம்.

மார்ச் 20

போனேன். தேநீரும் ஊறுகாய்க் கீரையும் வைத்தார். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“நான்தான்.”

எனக்கு எழுந்து குதிக்கலாம் போல் இருந்தது. “எதுக்கு நின்னீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா?”

“அரிசிக்கு. அச்சுல போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?”

“இல்லம்மா, அது புத்தகத்துக்கு...”

“கான்பயாஷி கடைப் பொண்ணுதானே நீ? டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு.”

பொய்! பார்த்துக்கிட்டே பொய் சொல்லுது அந்தக் கிழவி! நான் என்ன கேட்டேன், தோட்டத்தையா எழுதித் தரச் சொன்னேன்? ஒரு வரி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே?

ஏப்ரல் 5

பள்ளி திறந்துவிட்டது. நூற்றெண்பது பிள்ளைகள் கையிலும் அரிசி வரிசை. நானே கட்டிக் கொடுத்தது.

மே 6

பொறுக்க முடியாமல் தோட்டத்துக்கே போய்விட்டேன். தோமி அம்மா பூ கிள்ளிக்கொண்டிருந்தார். பழம் பெருக்க, ஒரு கொத்துக்கு ஒரு பூதான் மிஞ்ச வேண்டும். “சும்மா நிக்காதே, ஏணியில ஏறு” என்றார். ஏறினேன். மேல்கிளையில் நானும் கீழே அவருமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு மணி நேரம் கிள்ளினோம். அப்புறம் அவராகவே பேசினார்.

“என் மூட்டையில என்ன இருந்துச்சு தெரியுமா? அண்ணனோட நோட்டுப் புத்தகம், மொத்தம் பதினேழு. அவன் போர்ல தெற்குக் கடல்ல போயிட்டான், உடம்புகூட வரல. வீட்டுல இருந்த தாளே அதுதான்.”

நான் அடுத்த கொத்துக்குக் கையை நீட்டினேன்.

“உங்க தாத்தா எல்லார் மூட்டையையும் முதல்ல எடை போட்டு உள்ள எடுத்துக்கிட்டாரு. அப்புறம் தனக்கு வேண்டியவங்களைப் பின்கட்டு வழியா விட்டுப் புத்தகத்தை எடுத்துக் குடுத்தாரு. வரிசையில நின்னதுல மூணு பேருதான் வாங்கினாங்க. நான் நாலாவது. தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வான்னாரு. வந்தேன். மறுபடியும் வான்னாரு. வந்தேன். நோட்டையாவது திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். காகித ஆலைக்குப் போயிடுச்சுன்னாரு.”

“அந்தப் புத்தகம் அவ்வளவு வேணுமா இருந்துச்சாம்மா?”

“அண்ணன் எதுக்காகச் செத்தான்னு அதுல போட்டிருக்கும்னு நெனச்சேன். பதினாலு வயசு, வேற என்ன தெரியும்? அதான், அரிசின்னே இருக்கட்டும். அரிசி கிடைக்கலேன்னா வயிறோட போச்சு, இது அப்படிப் போகலியே.”

ஏணியிலேயே அழுதேன். அவர் அழவில்லை. கிளம்பும்போது சொன்னார். “கையெழுத்துப் போடறேன். ஆனா கிடைக்காதவங்களையும் எழுதணும். வரிசையில நின்னாங்கன்னு மட்டும் எழுதினா, எல்லாரும் வாங்கிட்டுப் போன மாதிரி ஆயிடும்.”

மே 7

கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை கிழித்தேன். தாத்தா பின்கட்டைத் திறந்ததை எழுதாமல் தோமி அம்மாவின் கதையை எப்படி எழுதுவது? பலகை எழுதி மாட்டிய பெருமையை மட்டும் இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே. நான் சொன்னது பாதிப் படம்.

சூஜி எட்டிப் பார்த்தார். “உன் தாத்தா மானம் கப்பலேறுமே, பரவாயில்லையா?”

“ஏறட்டும்.”

எழுதிவிட்டேன், பின்கட்டையும் சேர்த்து. நாளை தோமி அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அஞ்சலில் சேர்த்துவிடுவேன்.

மே 24

செகாவா அழைத்தார். குரலில் பணிவைவிடப் பரபரப்பு அதிகம். “அம்மா, படத்தோட மூலப் பிரதியைத் தேடி எடுத்துட்டோம். பெரிசாக்கிப் பார்த்தா, ஒரு மூட்டையில நோட்டு விளிம்பு தெரியுது! ஆனா ‘கிடைக்கல’ங்கிற வரி... படத்துக்குக் கீழ ஒண்ணரை வரிதான் இடம். மேல கேக்கணும்.”

நோட்டு விளிம்பு! எந்த மூட்டை என்று கேட்க மறந்துவிட்டேன். மடச்சி.

ஆகஸ்ட் 30

பதில் இல்லை.

டிசம்பர் 11

இன்னும் இல்லை. கேட்டால், “கல்வி அமைச்சகத்து அனுமதிக்குப் போயிருக்கு” என்கிறார் செகாவா. சூஜி என் முன்னால் அரிசி என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை. சோறு வேண்டுமென்றால் கிண்ணத்தை நீட்டுகிறார்.

மார்ச் 12, 2013

கட்டுகள் வந்தன. கத்தரிக்கோலைத் தேடப் பொறுமையில்லை, பல்லால் கடித்தே பிரித்தேன். பக்கம் 231.

‘புதிய வரலாற்று நூலுக்காகப் பழைய தாள்களோடு காத்து நிற்கும் மக்கள். பலருக்குக் கிடைக்கவில்லை.’

பலருக்குக் கிடைக்கவில்லை! ஒண்ணரை வரிக்குள் அதையும் வைத்துவிட்டார்கள்! சூஜியைக் கட்டிக்கொண்டேன், கடைவாசலில், பட்டப்பகலில். மனிதர் வெட்கத்தில் சிவந்துபோனார். பாடப் புத்தகம் கட்டும் நாளில் நான் பாட்டுப் பாடியது இதுவே முதல் முறை. நூற்று எழுபத்தாறு பிள்ளைகள் இந்த வருடம்.

தோமி அம்மாவுக்கென்று ஒரு பிரதி தனியாக வரவழைத்திருந்தேன். கொண்டுபோய்க் கொடுக்கத் தொலைபேசினேன். “வேண்டாம், நானே வர்றேன்” என்று வைத்துவிட்டார்.

மார்ச் 13

பத்து மணிக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். நல்ல கிமோனோ, கையில் மடித்த துணி. ஒரு லாரி போகும் வரை காத்திருந்து தெருவைக் கடந்தார்.

வாசலில் நின்று கேட்டார். “வரிசை எங்க?”

“இன்னிக்கு நீங்கதான் முதல் ஆளும்மா.”

உள்ளே வந்தார். நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தார். அதற்கு முந்தின பக்கம் படித்தார், அடுத்த பக்கமும் படித்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பிறகு புத்தகத்தைத் துணியில் வைத்து, நான்கு முனையும் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“விலையை அன்னிக்கே குடுத்துட்டேன்” என்றார்.

“ஆமாம்மா, குடுத்துட்டீங்க” என்றேன்.