பேரை மாத்திட்டாங்களாம்

ஆடி வெள்ளி, 1953

என் மேல ஆத்தா வந்தா குப்பமே கால்ல விழும். எனக்குத்தான் அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. போன வருசம் ஆஸ்பத்திரி டாக்டர் அதுக்கு இஸ்டீரியான்னு பேரு வச்சதும், மாமியா என்னைப் பைத்தியம்னு அம்மா வூட்டுக்குத் தொரத்திட்டா. புருசனே என் துணி மூட்டையத் தூக்கியாந்து வுட்டுட்டுப் போனான்.

இன்னிக்குப் புது டாக்டர், "அந்தப் பேரை மாத்திட்டாங்கம்மா. பாரம் தாங்காம மனசு கொஞ்ச நேரம் தன்னை மறந்துடுது. பைத்தியமில்ல"ன்றாரு. மாத்திட்டாங்களாம். நான் தனியாக் கெடந்த வருசத்தை இன்னா பண்றது?

சேதி தெரிஞ்சு மாமியா சாயங்காலமே ஓடியாந்தா. "ஞாயித்துக்கிழமை கூழு ஊத்தறோம், நீ வந்து ஆடணும்டி"ன்னா. சரின்னேன்.

ஆத்தா வரலைன்னாலும் ஆடுவேன். மாமியா பண்ணதெல்லாம் ஊரு கேக்க ஆத்தா வாயால சொல்லுவேன். அவ என் கால்ல விழுவா. இந்த வாட்டி முழிச்சுகினே பாப்பேன்.