திருப்பிப் போட மறந்த மதிப்பெண்கள்

செப்டம்பர் 26, செவ்வாய்

எங்கள் ஊர் ஆர்ப்ரோத்திலிருந்து, பல்கலைக்கழகம் இருக்கிற டண்டீக்குப் போகிற ரயிலில் கடல் பக்கத்து இருக்கை கிடைத்தது. நல்ல தொடக்கம். வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் என் மகள் ஐலியை விடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். ஒரு பையன் நேராக என்னிடம் வந்து, புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று பணிவாக முறையிட்டான். நான் ஒயரைச் சரியாகச் செருகிவிட்டு, போய் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பாவம், காது வரைக்கும் சிவந்துவிட்டான்.

வேறு பட்டம் படித்தவர்களை ஒரே வருடத்தில் உளவியலுக்குள் இழுத்து வருகிற முதுகலைப் படிப்பு இது, மனநலம்தான் மையம். ஒருவர் சட்டம் படித்தவர், ஒருவர் இசை. நான் நிலவியல். அதன்பிறகு இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் புகார் கேட்கும் தொலைபேசி. ஏன் இங்கே வந்தேன் என்று சொல்லச் சொன்னார்கள். கொதிகலன் பழுதைப் பேசி முடித்த பிறகும் பலர் போனை வைக்க மாட்டார்கள், அந்த மிச்ச நேரம்தான் என்னை இங்கே அனுப்பியது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது பிடித்தது.

அலுவலகம் அடுத்த செப்டம்பர் வரை என் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கும். அதற்குள் தேறினால் மனநல மையத்தில் பயிற்சி வேலைக்குப் போகலாம். தேறாவிட்டால் அதே நாற்காலி, அதே கொதிகலன். இன்னொரு வருடத்துக்கு வீடு தாங்காது.

அக்டோபர் 12, வியாழன்

ஓர்லா பிரென்னன் வகுப்பு. அயர்லாந்துக்காரர். என்னை விடப் பத்து வயதாவது இளையவர், ஆனால் அவர் பேசத் தொடங்கினால் நான் பள்ளிக்கூடப் பெண் ஆகிவிடுகிறேன்.

இன்று கேள்வித்தாள் செய்கிற விதம். எல்லாக் கேள்வியும் ஒரே திசையில் இருந்தால் ஆட்கள் படிக்காமலே ஒரே கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு போவார்களாம். அதனால் "எனக்கென்று யாரும் இல்லை" என்று ஒரு வரி இருந்தால், "மனம்விட்டுப் பேச எனக்கு ஆள் உண்டு" என்று எதிர்த்திசையில் இன்னொரு வரி வைக்க வேண்டும். கூட்டும்போது அந்த எதிர்த்திசை வரிகளின் மதிப்பெண்ணை மட்டும் திருப்பிப் போட வேண்டும் - ஐந்தை ஒன்றாக, நான்கை இரண்டாக. இல்லையென்றால் பேச ஆள் இருப்பதும் தனிமைக் கணக்கில் ஏறிவிடும்.

"வருஷத்துக்கு ஒருத்தர் இதை மறப்பாங்க. அந்த ஒருத்தர் நீங்களா இருக்காதீங்க," என்றார் ஓர்லா. நான் இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

இந்த வாரம் பதற்றக் கோளாறு படிக்கிறோம். எனக்கு அது இருக்கிறது. போன வாரம் மனச்சோர்வு, அது என் கணவர் ரோரிக்கு இருந்தது. சனிக்கிழமை அவருடைய கால்பந்து அணி ஜெயித்ததும் குணமாகிவிட்டது.

காலையில் ஐலி ரொட்டி தீய்ந்துவிட்டது என்றாள். உனக்கு ஏமாற்றமாக இருக்கிறது போல என்றேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, ரொட்டி தீஞ்சுபோச்சு. அவ்வளவுதான். உள்ள வேற ஒண்ணும் இல்ல. முதல்ல அந்தத் தலையைச் சாய்க்கறத நிறுத்து."

தலையைச் சாய்க்கிறேனா?

ரோரி தன் தபால்காரப் பையின் வாரைத் தைத்துக்கொண்டே, சாய்க்கிறாய், தெருக்கோடி நாய்கூட அப்படித்தான் பார்க்கும் என்றார். பிறகு, "இந்த வீட்ல ஒரு மனுஷன் காரணமில்லாம கோபப்பட உரிமை இருக்கா, இல்லையா?" என்றார். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 6, திங்கள்

இன்று யாருக்கும் எந்தக் கோளாறும் இல்லை. பாத்திரம் கழுவினேன்.

டிசம்பர் 14, வியாழன்

புள்ளியியல் தேர்வு முடிந்தது. எழுதிவிட்டேன்! பாறை அடுக்குகளை அளந்த கை எங்கோ விழித்துக்கொண்டது. ரயில் மேடையில் ஓடினேன். ரயிலுக்கு நேரம் இருந்தது, சும்மாதான் ஓடினேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

என் ஆய்வு தொடங்கிவிட்டது. நம்மூரில் பழைய சரக்கு ரயில் கொட்டகையை மரப்பட்டறையாக்கி வைத்திருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள் செவ்வாய்தோறும் வந்து பறவைக் கூண்டும் பெஞ்சும் செய்கிறார்கள். அங்கே வந்து போவதால் தனிமை குறைகிறதா? இதுதான் கேள்வி. பிப்ரவரியில் ஒரு முறை, மேயில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை தாளை நிரப்ப வேண்டும்.

டூகல்தான் அங்கே நாட்டாமை. மீன்பிடிப் படகு ஓட்டியவர், குரல் இன்னும் கடலில்தான் இருக்கிறது. மனநலம் என்ற சொல்லைக் கேட்டதும் நாலு பேர் ஒரே நேரத்தில் பசை தேடப் போனார்கள். டூகல் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். "வாங்கடா. இந்தப் பொண்ணு பரீட்சை எழுதணும். நம்ம சோகத்தைக் கொஞ்சம் கடன் கேக்குது, அவ்வளவுதான்."

வாட்டி என்று ஒருவர். மனைவி ஜெஸ்ஸி போய்ச் சேர்ந்த பிறகுதான் இங்கே வரத் தொடங்கினாராம். வணக்கம் கூடப் புருவத்தால்தான். தாளை மட்டும் பென்சிலைக் கூராக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து நிரப்பினார்.

மதிப்பெண்ணை ஓர்லா பக்கத்தில் உட்கார்ந்து கூட்டினேன். எதிர்த்திசை வரிகளைத் திருப்பிப் போட்டேன். சபாஷ் வாங்கினேன்.

மே 21, செவ்வாய்

இரண்டாம் சுற்று முடிந்தது. இந்த முறை வீட்டில் தனியாகவே கூட்டிவிட்டேன், எனக்குத்தான் தெரியுமே. ஆனால் முடிவு - தனிமை ஏறியிருக்கிறது. கொஞ்சம் இல்லை, நிறைய.

சேர்ந்து பெஞ்சு செய்தால் மனிதன் தனியாகிவிடுவானா? எப்படி? ஒருவேளை வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வெறுமை உறைக்கிறதோ? அப்படி எழுதலாம். நல்ல அத்தியாயமாகக் கூட வரும். ஆனால் மனசு கேட்கவில்லை.

மே 28, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

தேநீர் நேரத்தில் டூகல், "என்னம்மா ஷோனா, நாங்க பாஸா ஃபெயிலா?" என்று கேட்டார். ஓர்லா இன்னும் பார்க்கவில்லை, சொல்லக் கூடாது. தெரியும். ஆனால் எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. தனி ஆள் கணக்கைச் சொல்லவில்லை, மொத்தமாகத்தான் சொன்னேன் - பிப்ரவரியில் இருந்ததை விட இப்போது தனிமை கூடியிருக்கிறது என்று.

வாட்டி கோப்பையை மேசையில் வைத்தார். "அப்போ நாம ஒழுங்கா செய்யல," என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அதுதான்.

ஜூன் 4, செவ்வாய்

பட்டறையில் என்னென்னவோ நடக்கிறது. சுவரில் ஒரு முறைப்பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள், யார் எந்த நாள் யார் வீட்டுக்குப் போவது என்று. டூகல் வியாழன் காலை எட்டு மணிக்குப் புகைபோட்ட மீனோடு வாட்டியின் கதவைத் தட்டியிருக்கிறார். யாரோ செத்துவிட்டார்கள் என்று வாட்டி கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாராம்.

"யாரு?" என்று கேட்டாராம்.

"யாரும் இல்லடா. உனக்குத் தனிமையாம்."

"உனக்குந்தான்."

"அதான் வந்தேன். மீன் ஆறிடும், உள்ள விடு."

டூகல் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன். சுவரில் இருந்த பட்டியல் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

அந்த ஒருத்தர் நான்தான்.

ஓர்லா திரையைப் பார்த்தார். தேநீரைக் கூடக் கீழே வைக்கவில்லை. "ஷோனா, மே மாசக் கணக்குல திருப்பிப் போட்டியா?" என்றார்.

போடவில்லை. பேச ஆள் உண்டு என்று அவர்கள் சந்தோஷமாக டிக் போட்ட ஒவ்வொன்றையும் நான் தனிமையில் சேர்த்துக் கூட்டியிருக்கிறேன். திருப்பிப் போட்டதும் எண்கள் சரசரவென்று இறங்கின. பட்டறை அவர்களை அவ்வளவு நன்றாக வைத்திருந்தது. அந்தத் திரையைப் பார்த்து நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். ஓர்லாவும் சிரித்தார்.

பிறகு, பட்டறையில் எல்லாரிடமும் அந்த முடிவைச் சொல்லிவிட்டேன் என்றேன். சிரிப்பு நின்றது.

என் பேச்சைக் கேட்டுத்தான் வீடு வீடாகப் போகிறார்கள். அதனால் ஜூலைச் சுற்று பட்டறையை அளக்காது, என் உளறலைத்தான் அளக்கும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவுக்கு எழுதியாக வேண்டும். ஆய்வையே நிறுத்தச் சொன்னால் இந்த வருடம் பட்டம் இல்லை. எது எப்படியானாலும் முதலில் அவர்களிடம் போய் உண்மையைச் சொல் என்றார் ஓர்லா.

ரயிலில் கடல் பக்கத்து இருக்கை. ஒன்றும் பார்க்கவில்லை. கொதிகலன், கொதிகலன், கொதிகலன் என்றே சக்கரம் ஓடியது. வீட்டில் ரோரி எதுவும் கேட்காமல் சிப்ஸ் வறுத்தார். வகுப்பில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கு இப்போது ஞாபகம் வரவில்லை. நல்லதுதான்.

ஜூன் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். திருப்பிப் போடுவது, மறந்தது, நீங்கள் தனிமையாகவில்லை, நன்றாகத்தான் இருந்தீர்கள் - எல்லாம்.

டூகல், "அப்போ நான் காலங்காத்தால மீன் தூக்கிட்டு அலைஞ்சது எதுக்கு?" என்றார்.

"அதுவும் வாராவாரம். நான் மீன் சாப்பிடறதே இல்ல," என்றார் வாட்டி.

டூகல் அவரை அப்படியே பார்த்தார். "பின்ன அதெல்லாம் எங்கடா போச்சு?"

"பூனைக்கு."

கொட்டகை வெடித்துச் சிரித்தது. நான் மன்னிப்புக் கேட்கச் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் அந்தச் சிரிப்பில் எங்கோ போய்விட்டன. சரி, முறைப்பட்டியலைக் கழற்றிவிடலாம் என்று யாரோ எழுந்தார்கள். வாட்டி சுவரை மறித்து நின்றுகொண்டார். "இருக்கட்டும். பூனை பழகிருச்சு."

ஜூலை 9, செவ்வாய்

நெறிக்குழு பதில். மூன்றாம் சுற்று கூடாது. முதல் இரண்டையும் வைத்து எழுதலாம், ஆனால் நடந்த தவறை ஒளிக்காமல் ஒரு தனிப் பகுதியாக எழுத வேண்டும். ஒளிப்பதா? பட்டறை முழுக்கத் தெரியும், இந்நேரம் மீன் மார்க்கெட்டுக்கும் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சமர்ப்பித்துவிட்டேன். கடைசியாக ஐலிதான் படித்தாள். அவள் சிரிக்கிற இடங்கள் ஆய்வறிக்கையில் இருக்கலாமா என்று தெரியவில்லை. மனநல மையத்தில் நேர்முகமும் முடிந்தது. எதிர்பாராத ஒன்றிலிருந்து என்ன கற்றீர்கள் என்று கேட்டார்கள். பூனையிலிருந்து தொடங்கினேன்.

செப்டம்பர் 2, திங்கள்

அலுவலகத்துக்குப் போன் செய்து என் நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். மதிப்பெண் இன்னும் வரவில்லை. ஆனாலும் மையம் எடுத்துக்கொண்டது, தேறினால் என்ற நிபந்தனையோடு. தேறாவிட்டால்? ரோரியிடம் கேட்டேன். தபால் பையில் இன்னொரு தோள்பட்டைக்கு இடம் இருக்கிறது என்றார்.

நவம்பர் 19, செவ்வாய்

பயங்கரச் சளி. மையத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வாட்டி. கையில் கோழி சூப்பு, அக்குளில் பழைய போர்வையால் சுற்றிய ஏதோ ஒன்று.

சளிதான், ஒன்றுமில்லை என்றேன்.

"தெரியும். ரோரி சொன்னான். பட்டியல்ல உன் பேரையும் போட்டாச்சு, இன்னிக்கு என் முறை."

அடுப்படியில் உட்கார்ந்தோம். நான் சூப்பைக் குடித்தேன். ஜெஸ்ஸி சூப்பில் பார்லி போடுவாள் என்றார் அவர், பிறகு அவள் போட்ட சண்டைகளைச் சொன்னார், பிறகு அவள் சிரிப்பை. நான் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. மூக்கை மட்டும் சிந்தினேன். கெட்டில் இரண்டு முறை கொதித்து ஆறியது.

கிளம்பும்போதுதான் போர்வையைப் பிரித்தார். தேறி வாங்கிய என் பட்டத்துக்குப் பட்டறையில் செய்த சட்டம். ஓக் மரம், நல்ல இழைப்பு. பட்டச் சான்றிதழ் அகலவாக்கில் இருக்கும், சட்டத்திலோ நெட்டுவாக்கில் மாட்டத்தான் கொக்கி அடித்திருந்தது.

"அளவு எடுத்தது டூகல்," என்றார் வாட்டி. "நீளத்தையும் அகலத்தையும் மாத்திப் போட்டுட்டான். அடுத்த வாரம் அவன் முறை. வந்து மன்னிப்புக் கேப்பான், ரொம்ப நேரம் கேப்பான். தூங்கற மாதிரி நடிச்சுக்க."

ரோரி கொக்கியைக் கழற்றிச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று, பட்டத்தை அதில் அப்படியே பக்கவாட்டில் செருகி வரவேற்பறையில் மாட்டிவிட்டோம். ஐலி மாலையில் வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நின்றாள். தலையை நன்றாகச் சாய்த்து, என் பெயர் வரைக்கும் படித்தாள்.