மீன்சந்தையில் நான் சொன்னது

மச்சான்,

இன்று காலை கிளேட்டன் மீன்கடையைக் கடந்து போனேன். கடைக்காரர் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐஸ் உருகிய தண்ணீர் நடைபாதைக்கு வழிந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. நீ போய் ஆறு நாள். நீ இருந்தபோது கேட்காத மன்னிப்பை இப்போது கேட்க வந்திருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நீயும் நானும் இங்கே கிளேட்டனில் ஆராய்ச்சி மாணவர்கள். ஒரு கருத்தரங்குக்காக டோக்கியோ போனோம். மூன்றாம் நாள் விடியற்காலை, "மச்சான், இங்க பெரிய மீன்சந்தை ஒண்டு இருக்காம், வாறியோ?" என்று என்னை எழுப்பினாய். முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

சந்தை என்றால் அதுதான் சந்தை. மோட்டார் வண்டிகள் ஆளை இடிப்பதுபோல் வந்து விலகின. ஆள் நீளத்துக்கு உறைந்த சூரை மீன்கள் வரிசையாகக் கிடந்தன. வால் வெட்டிய இடத்தில் டோர்ச் அடித்துச் சதையைப் பார்த்தார்கள். கருத்தரங்குச் சப்பாத்தோடு வந்த நான் இரண்டு தரம் வழுக்கினேன். போகிற வருகிற எல்லாருக்கும் நான் இடைஞ்சல்.

நீயோ ஒரு பெட்டியின் முன்னால் குந்தி, சிவப்பு மீன் ஒன்றை எடுத்து விரலால் செவுளை விரித்தாய். சத்தம்போட வாயெடுத்த வியாபாரி, நீ மீனைப் பிடித்த விதத்தைக் கண்டு அடங்கிவிட்டார். அடியிலிருந்து பெரியதொன்றை இழுத்து உன் கையில் தந்தார். நீ தமிழிலும் அவர் ஜப்பானிய மொழியிலுமாகப் பத்து நிமிடம் கதைத்துச் சிரித்தீர்கள்.

கருத்தரங்கில் ஆங்கிலம் தடுமாறியபோதெல்லாம் என் முகத்தைப் பார்த்தவன் நீ. சந்தையில் உனக்கு நான் தேவைப்படவில்லை. எனக்கு எரிச்சல், வேறொன்றுமில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "உங்கட ஆக்களுக்கு மீனைக் கண்டால் கை சும்மா இராது, என்ன?"

உங்கட ஆக்கள். நீ கடற்கரைப் பிள்ளை. உன் அப்பா கடலுக்குப் போனவர். எங்கள் வீட்டில் உங்கள் ஆட்களை முற்றத்தோடு நிறுத்தி, வேறு பேணியில் தண்ணீர் கொடுப்பார்கள். அந்தச் சாதித்திமிரை விமானம் ஏறும்போதே விட்டுவிட்டதாகக் கிளேட்டனில் மேடை போடாத குறையாகப் பேசித் திரிந்தவன் நான்.

மீனை எடுத்த இடத்திலேயே வைத்தாய். வியாபாரி ஒரு துண்டு வெட்டி நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினாய். "வா, நேரமாகுது," என்றாய். அவ்வளவுதான்.

சனிக்கிழமைகளில் உன் குசினியில்தான் எனக்குச் சாப்பாடு. புளி விட்டு நீ வைக்கும் மீன்குழம்புக்காகவே வருவேன். திரும்பி வந்த முதல் சனிக்கிழமை பருப்பும் கத்தரிக்காயும் வைத்திருந்தாய்.

"மீன் இல்லையோடா?" என்றேன்.

"விட்டிட்டன் மச்சான்."

ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன் கல்யாணத்தன்று, மகள் பிறந்தபோது, கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் இருந்தபோதுகூடச் சொல்லியிருக்கலாம். இவன் இதையெல்லாம் எப்போதோ மறந்திருப்பான் என்று ஒவ்வொரு தரமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ என்னை ஒருநாளும் விலக்கவில்லை. அது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

மத்தியானம் உன் மகள் கிரான்பர்னிலிருந்து ஃபோன் எடுத்தாள். நாளை மறுநாள் எட்டுச் செலவு, எட்டாம் நாள் சடங்கு. உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள்.

"அங்கிள், அப்பாவை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். என்னென்ன வைக்கலாம்? மற்ற வீடுகளில மீனும் வைப்பினம். ஆனா அப்பாவுக்குச் சின்னனிலயிருந்தே மீன் பிடிக்காதெல்லோ?"

"ஆர் பிள்ளை அப்படிச் சொன்னது?"

"அப்பாதான்."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

"ஓம் பிள்ளை, மீன் வேண்டாம்," என்றேன்.

உன் படையலிலிருந்தும் மீனை எடுத்தவன் நான்தான், மச்சான்.