கேரவனில் ஏழரை மணி சீரியல்

ஜனவரி 20, செவ்வாய்

நிகில் இப்போதுதான் தூங்கினான். நெற்றியில் மூன்று தடவை கை வைத்துப் பார்த்துவிட்டேன். சில்லென்றுதான் இருக்கிறது.

இன்றைய செய்தி: எங்கள் வாசலில் ஒரு கேரவன் நிற்கிறது. சினிமாக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து மேக்கப் போடுகிற அதே வண்டிதான். ஷூட்டிங்குக்கு ஓடி ஓய்ந்துபோனதை ஃபிரெடி அண்ணன் வாங்கியிருக்கிறார். குடும்பமாக டூர் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். அவரும் என் கணவர் ஜெர்சனும் பள்ளிக்கூட சிநேகிதர்கள், அதனால் உள்ளே கட்டில், அலமாரி, குட்டி சமையல் மேடை எல்லாம் ஜெர்சன் கைவேலை. பாக்கி டிவியும் வைஃபையும்.

"இன்னா சிஸ்டர், நீதான் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சிகிறியே. இத்த முடிச்சுக் குடு, ஒரு வாரம் வண்டி உன்னுது. கோவில்பட்டிக்குப் போயி அப்பாவப் பாத்துனு வா" என்றார் ஃபிரெடி அண்ணன்.

அப்பா! நிகிலுக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. பிரசவத்துக்கு ஊருக்குப் போக இருந்த நேரத்தில்தான் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். இன்னும் வாக்கர்தான். பேரனைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். ரயிலில் போகலாம். ஆனால் செப்டம்பரில் நிகிலுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்ததே, அதற்குப் பிறகு நினைத்த இடத்தில் நிறுத்த முடியாத எதிலும் அவனை ஏற்ற எனக்கு தைரியம் இல்லை. இந்த வண்டியை நிறுத்தலாம். படுக்கை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான். ஜென்சி அண்ணி கூட வரவேண்டும்.

ஜனவரி 21, புதன்

அண்ணி ஜெர்சனுக்கு அக்கா. ஸ்டாஃப் நர்ஸ், எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறார். அன்றைக்கு வலிப்பு வந்தபோது நான் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன், யாரைக் கூப்பிட ஓடினேன்? அண்ணிதான் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை, வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். சொன்னார்தான். ஆனாலும் அண்ணி கூப்பிடு தூரத்தில் இல்லாத எந்த இடத்திலும் நான் நிகிலோடு தங்கியதில்லை. மேடவாக்கத்தில் ஒரு பிறந்தநாளுக்குப் போகக்கூட அண்ணியின் டியூட்டி நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் போனேன்.

இன்று மெதுவாகக் கேட்டேன்.

"லீவு இருக்கு, வரேன். ஆனா ஏழரைக்கு எனக்கு டிவி வேணும். சொல்லிட்டேன்."

அந்த சீரியல். அதில் மூன்று வாரமாக ஒரு மாமனார் கோமாவில் கிடக்கிறார். அண்ணி அதைப் பார்ப்பது அழுவதற்கு இல்லை, சிரிப்பதற்கு. பாளையங்கோட்டைக்கு மாற்றலாகிப் போன சிநேகிதி சத்யபிரியாவும் நர்ஸ்தான். இரண்டு பேரும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, அங்கே ஒரு டிவி இங்கே ஒரு டிவி. "அடியே, டிரிப் பாட்டில் காலிடி!" "காத்துதான் ஏறுது மாமனாருக்கு!" தினமும் அரைமணி நேரம் மாடியே அதிரும்.

இது ஒரு பெரிய விஷயமா? ஒரு ரூட்டர், ஒரு சிம், முடிந்தது.

எதிர்வீட்டு யக்ஞநாராயணன் சார் காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கேட்டருகே நின்றார். "யாரும்மா உள்ள? ஹீரோவா, ஹீரோயினா?" நிகிலை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் இறங்கி வந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

ஜனவரி 23, வெள்ளி

அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

கூரையில் ஆன்டெனா வைத்து ரூட்டரைக் கட்டிவிட்டேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஜெர்சன் கைதட்டினார். ஏழரைக்கு அண்ணியைக் கூப்பிட்டு, மேக்கப் கண்ணாடி முன்னால் இருந்த நாற்காலியில் ராணி மாதிரி உட்காரவைத்தேன். ஆப்பில் சீரியல் ஓடுகிறது. போனில் சத்யபிரியா.

திடீரென்று சத்யபிரியா விழுந்து விழுந்து சிரிக்கிறார். "மாஸ்க்க பாருடி! தலகீழா மாட்டியிருக்கான்!"

எங்கள் டிவியில் இன்னும் பல்பொடி விளம்பரம்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் ரூட்டரைப் பார்த்தேன். நெட்டில் வருகிற நேரலை டிஷ்ஷில் வருவதைவிடப் பின்தங்கித்தான் வரும். படித்ததுதான், மறந்துவிட்டேன். எண்ணிப் பார்த்தோம், நாற்பது நொடி. சத்யபிரியா சிரித்து முடித்து, தண்ணீர் குடித்த பிறகு எங்கள் மாமனாருக்கு மாஸ்க் மாட்டினார்கள்.

"செத்த ஜோக்கைப் பார்க்கவா நான் அவ்வளோ தூரம் வரணும்?" என்று சொல்லிவிட்டு அண்ணி இறங்கிப் போனார்.

ஜனவரி 24, சனி

டிஷ்தான் ஒரே வழி. ஃபிரெடி அண்ணன் ஒன்றைக் கொண்டுவந்து வண்டிக் கூரையில் முடுக்கிவிட்டுப் போனார்.

ஜனவரி 27, செவ்வாய்

அழுகை வருகிறது. இல்லை, சிரிப்பா? தெரியவில்லை.

காலையிலிருந்து நான் உள்ளே செட்டாப் பாக்ஸ் முன்னால், ஜெர்சன் கூரைமேல். "வலது பக்கம்! கொஞ்சூண்டு! அய்யோ அவ்வளோ இல்ல!" சிக்னல் கோடு பூஜ்யத்தைவிட்டு அசையவே இல்லை. கேபிளை மாற்றினேன். டிஷ் மூக்கில் இருக்கும் எல்என்பியை மாற்றினேன். ஜெர்சனைத் திட்டினேன். அவர் என் காலேஜைத் திட்டினார்.

மத்தியானம் யக்ஞநாராயணன் சார் குடையோடு வந்து மேலே பார்த்தார். "ஏம்மா, மரத்துக்கா டிவி காட்டப்போற?"

புங்க மரம்! வண்டி சூடாகக்கூடாதென்று முதல் நாளே மரத்தடியில் நிறுத்தியிருந்தோம். நம் ஊரில் சாட்டிலைட் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து நிற்கிறது. நானோ டிஷ்ஷுக்கு மேல் இலைப் பந்தல் போட்டுவிட்டு ஸ்க்ரூவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் வகுப்பில் பாஸாம்.

வண்டியை வெயிலுக்கு நகர்த்தியதும் கொஞ்ச நேரத்தில் படம் வந்துவிட்டது. ஆனால் உள்ளே அனல். நிகிலின் கன்னம் சிவந்தது. தொட்டேன், சுட்டது. வெயில் சூடுதான், வெளியே தூக்கி வந்ததும் தணிந்துவிட்டது. நான்தான் அதற்குப் பிறகும் அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

நிழலில் நிறுத்தினால் டிவி இல்லை, டிவி இல்லையென்றால் அண்ணி இல்லை. வெயிலில் நிறுத்தினால் குழந்தைக்கு ஆகாது. என்னதான் பண்றது நான்?

அப்பா வீடியோ காலில் வந்தார். "எப்போம்மா வாரீய?" என்றார். சீக்கிரம்ப்பா என்றேன்.

ஜனவரி 29, வியாழன்

கிடைத்துவிட்டது! நேற்று துணி காயப்போடும்போது தோன்றியது. டிஷ் எதற்காக வண்டியோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

காலியான பெயின்ட் வாளிக்குள் கம்பியை நிறுத்தி சிமெண்ட் கொட்டினார் ஜெர்சன். இன்று காய்ந்ததும் டிஷ்ஷை அதில் மாட்டி, நீளமான கேபிள் போட்டோம். வண்டி மரத்தடியில் சுகமாக நிற்க, டிஷ் மட்டும் தெருவோரத்து வெயிலில். ஏழரைக்கு அண்ணியும் சத்யபிரியாவும் ஒரே நொடியில் சிரித்தார்கள். மாமனாரின் கைவிரல் அசைந்ததாம்.

ஃபிரெடி அண்ணன் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சூப்பர் சிஸ்டர்! ஆனா இத்த எவன் தூக்குவான்?"

பிப்ரவரி 2, திங்கள்

நாளைக்குக் கிளம்புகிறோம். தெர்மாமீட்டர் இரண்டு, காய்ச்சல் சிரப் இரண்டு. "ஆஸ்பத்திரியையே பேக் பண்ணிட்டியா?" என்று அண்ணி கேட்டார். சிரித்துவிட்டு இன்னொரு தெர்மாமீட்டரையும் வைத்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

விராலிமலை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். பின்பக்கம் பெரிய மைதானம், இங்கேயே தங்கல்.

டிஷ்ஷை இறக்கி ஏழு மணிக்கே சிக்னல் பிடித்துவிட்டேன். ஏழரைக்குச் சரியாகக் காற்று ஆரம்பித்தது. வாளி நகரவில்லை, டிஷ்தான் தலையை ஆட்டுகிறது. ஓடிப்போய்ப் பிடித்தேன். உள்ளேயிருந்து அண்ணி, "வந்துடுச்சு! வந்துடுச்சு! கைய எடுக்காத ஜீவிதா!"

எடுக்கவில்லை. முழு சீரியலுக்கும் சிலை மாதிரி நின்றேன். லாரி டிரைவர் ஒருவர் டீயோடு வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, ராக்கெட் விடுறீங்களா?" என்றார். உள்ளே அண்ணியின் சிரிப்பும், போனில் சத்யபிரியாவின் சிரிப்பும். எனக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு.

முடிந்து உள்ளே வந்த பிறகுதான் — நிகில்! அரைமணி நேரம் அவனை நினைக்கவே இல்லை. ஒரு தடவைகூட. பிஸ்கட்டை மேக்கப் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். நான்தான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் என்ன மாதிரி அம்மா? இல்லை, எல்லா அம்மாக்களும் இப்படித்தான் இருப்பார்களோ?

பிப்ரவரி 4, புதன்

அப்பா வாக்கரை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். போனில் பார்த்துப் பழகிய முகம்தானே, நிகில் அழவில்லை. அப்பாவின் மூக்கின்மேல் விரலை வைத்துத் தள்ளினான், போனில் செய்வது மாதிரியே. படம் நகரவில்லை. மறுபடி தள்ளினான். அப்பா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

வேறு எதுவும் இன்று எழுத வேண்டாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

அண்ணி பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். சத்யபிரியா காரோடு வந்து நின்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? "இவ்ளோ கிட்ட வந்துட்டு அவ வீட்டு சோபால உக்காந்து பார்க்கலைன்னா எப்படிடி? லீவ நீட்டிக்கிட்டேன். நீங்க முன்னாடி போங்க, நான் ட்ரெய்ன்ல வந்துடுறேன்."

போங்கண்ணி என்று சிரித்தேன். நல்லாத்தான் சிரித்தேன். கார் திரும்பியதும் ஜெர்சனிடம், "நாமளும் இங்கயே இருந்துடலாமா, அவங்க வர்ற வரைக்கும்?" என்று கேட்டேன். ஃபிரெடி அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டும். நாளைக்குக் கிளம்பியாக வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

மதுரை தாண்டி மத்தியானம் மூன்று மணி இருக்கும். நிகில் மடியில் துவண்டான். தெர்மாமீட்டர் நூற்று ஒன்று காட்டியது.

ஜெர்சன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அக்காவுக்கு போன் போடவா?"

"அப்புறம். முதல்ல வெதுவெதுன்னு தண்ணி வைங்க."

அது நான் பேசியதுதானா? டாக்டர் எழுதித் தந்த அளவுக்கு சிரப் கொடுத்தேன். சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தேன். வலிப்பு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே துடைத்தேன்: ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் வைக்காதே, மணியைப் பார், வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடச் சொல். வலிப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வியர்த்தது. திருச்சியில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் காட்டினோம். தொண்டையில் சளி, அவ்வளவுதான் என்றார். வெளியே வந்ததும் நிகில் இட்லி கேட்டான்.

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நிகிலுக்குக் காய்ச்சல் இல்லை. வண்டி வாளியோடு ஃபிரெடி அண்ணனிடம் போய்விட்டது.

சாயங்காலம் அண்ணி போன். எடுத்ததுமே சண்டை.

"ஏண்டி, போய்ச் சேர்ந்தியா இல்லையான்னு ஒரு போன் கிடையாதா?"

"ஜெர்சன் மெசேஜ் போட்டாரே அண்ணி."

"அவன் போடுவான். நீ? மணிக்கொரு தடவை கூப்பிடுவியேன்னு போனை மடியிலயே வெச்சிருந்தேன். சனிக்கிழமை மாமனார் கண்ண முழிச்சிட்டாரு, தெரியுமா? சத்யா உருண்டு உருண்டு சிரிக்கிறா. எனக்கு சிரிப்பே வரல."

"நிகிலுக்கு வழியில காய்ச்சல் வந்துது அண்ணி. நூத்தி ஒண்ணு. போயிடுச்சு."

"என்ன குடுத்த?"

சொன்னேன். சிரப், ஈரத்துணி, திருச்சி டாக்டர்.

"ம்" என்றார். "சரி, நாளைக்கு ராத்திரி ட்ரெய்ன்ல டிக்கெட் பார்க்கறேன்."

"எதுக்கு அவசரம்? லீவு மிச்சம் இருக்குல்ல? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க அண்ணி."

போனை வைத்து, பால் டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, அதைச் சொன்னது நான்தான் என்று.