ஜெபக்குறிப்பாய்ப் போன பிள்ளை

ரான்னி,
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் ஜின்ஸிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பச்சனும் சுகம், நீயும் மாப்பிள்ளை ரெஜியும் அந்த அயர்லாந்துக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா? உன் தங்கை ஃபேபாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை வரமாட்டேன் என்கிறது. போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்காதே, அந்தச் சனியனைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை.

நீ கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு அனுப்பினாயே, அந்தப் போனில்தான் எல்லாம் ஆரம்பம். உன்னைக் குறை சொல்லவில்லை, குறை என்னுடையது. பிள்ளைகளின் போனைப் பெற்றோர் எப்படிக் கவனிப்பது என்று நம் சபையில் ஒரு கூட்டம் போட்டார்கள். கோட்டயத்திலிருந்து வந்தவர் நன்றாகத்தான் பேசினார். பூட்டு எண்ணைத் தெரிந்து வையுங்கள், எட்டு மணிக்கு மேல் போன் கூடத்து மேஜையில் இருக்கட்டும், பிள்ளையோடு தினமும் உட்கார்ந்து பேசுங்கள் என்றார். முதல் இரண்டையும் அன்றைக்கே செய்தேன். மூன்றாவதற்கு எனக்கு எங்கே நேரம்? யாராவது பையன் இருப்பானோ என்று பயந்துதான் ஒரு ராத்திரி அந்தப் போனைத் துழாவினேன். பையன் இல்லை, இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். கூடப் படிக்கிற நிமிஷாவுக்கு எழுதியிருக்கிறாள், "ஜெபம் பண்றப்ப யாரும் கேக்குற மாதிரியே தோணலடி, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவாங்க" என்று. பதினாறு வயசு, ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கின பிள்ளை! அவளைக் கூப்பிட்டு என்னடி கண்ணே என்று கேட்டேனா? இல்லை. பெண்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில், என் மகள் விசுவாசத்தை விடுகிறாள், பாரத்தோடு ஜெபியுங்கள், வெளியே சொல்லாதீர்கள் என்று போட்டேன். நாற்பத்திரண்டு பேர் இருக்கிற இடத்தில் வெளியே சொல்லாதீர்களாம், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

அடுத்த ஞாயிறே பாடற்குழுவில் அவளைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். ஞாயிறு பள்ளி டீச்சர் அவளை நடுவில் உட்கார வைத்து, தலையில் கை வைத்து, பெயர் சொல்லி, எல்லாப் பிள்ளைகளையும் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. போனை என் மடியில் வைத்து, "இந்தாங்க, இனிமே இதுல படிக்க உங்களுக்கு ஒண்ணும் இருக்காது" என்றாள். அன்றிலிருந்து சொன்ன பேச்சு கேட்கிறாள், குடும்ப ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்து மனப்பாடமாய் ஒப்பிக்கிறாள். என்னோடு சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம், அவ்வளவுதான் பேச்சு. உன் அப்பச்சன் என்னைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

இதைப் பார்த்து சங்கத்துச் செயலாளர் லீலாம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா சோசாம்மா, ஜெபம் கேட்கப்பட்டாச்சு, ஆராதனை முடிஞ்சதும் எழுந்திருச்சு சாட்சி சொல்லணும்" என்று பிடித்துக்கொண்டாள். சரி என்றேன். இன்றைக்கு எழுந்து நின்று, ஜெபம் ஒன்றும் கேட்கப்படவில்லை, பிள்ளை வாயை மூடிக்கொண்டாள், அவள் எழுதினதைத் திருடிப் படித்து உங்கள் வாய்க்கு அவலாகப் போட்ட பாவி நான் என்று சொல்லிவிட்டேன். சிலர் அழுதார்கள். லீலாம்மா முகம் போன போக்கைப் பார்க்கணுமே. மனசு லேசாகி, பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று என்ற நினைப்பில்தான் வீட்டுக்கு நடந்தேன். கூட நடந்து வந்த ஃபேபா பாதி வழியில் நின்றாள். "அன்னைக்கும் என்னைக் கேக்கல, இன்னைக்கும் கேக்கல. ரெண்டு தடவையும் ஊர் முன்னாடிதான் என்னைப் பத்திப் பேசுனீங்கம்மா" என்றாள். அவ்வளவுதான், விடுவிடுவென்று முன்னால் போய்விட்டாள். நடுரோட்டில் நின்றேன் ஜின்ஸி.

சாப்பிட்ட பிறகு அவள் அறை வாசலில் போய் நின்று, சேச்சிக்கு இதை எழுதட்டுமா என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமலே, "சேச்சிக்கு மட்டும்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். நீ அவளைக் கூப்பிட்டுப் பேசு. அவளாகச் சொன்னால் கேள், என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லாதே, நான் கேட்டாலும் சொல்லாதே.

கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காக்கட்டும். மறந்துவிடாதே, ரெஜியிடம்கூட இதை வாசித்துக் காட்டாதே. அங்கே உங்கள் ஜெபக் கூட்டத்தில் உன் தங்கையின் பெயர் வரவே கூடாது.

உன் அம்மா
சோசாம்மா